வந்த வரனைப் பிடிக்கவில்லை என்று சொன்னது தப்பா?

வாய்க்கால்கரை

வணக்கமுங்க. ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

கோபி பக்கம் கிராமம். முப்பது தாண்டிவிட்டது. கைக்குழந்தையில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. காலிப்பர், அதாவது காலைத் தாங்குகிற கம்பிச் சட்டம், போட்டு நடப்பேன். தூரம் என்றால் கைக்கு ஒரு கட்டை வேண்டும். பி.காம். முடித்து ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறேன். சைடு வீல் வண்டி இருக்கிறது, அதில் எங்கே வேண்டுமானாலும் போய் வருவேன்.

போன மாதம் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பத்து மூன்று வயது. வாய்க்கால் பாசனத்தில் நான்கு ஏக்கர், கொஞ்சம் தென்னை, மாடு கன்று. வருடக்கணக்கில் பெண் தேடி அலுத்துப்போய், "கால் கை கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்று புரோக்கரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். வந்ததும் அவருடைய பெரியம்மா, "ஒரு நடை நடந்து காட்டு கண்ணு" என்றார். நடந்தேன். பால் கறப்பாயா, ஆளுக்காரர்களுக்குச் சோறாக்குவாயா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் இருந்த பஜ்ஜியையும் என் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்போது, "எங்களுக்குச் சம்மதமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "எனக்கு அவரைப் பிடிக்கவில்லை" என்றேன். அதைத்தான் வீட்டில் யாராலும் தாங்க முடியவில்லை. குடிக்கிறார், கடன் இருக்கிறது என்று ஏதாவது சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். பெரியப்பா, "உனக்கு வந்ததே பெருசு. இதுல பிடிக்கிறது பிடிக்காததுன்னு வேறயா?" என்றார். அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் கரூர்க்காரர் ஒருவர் பழக்கம். கணக்கில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தது, இப்போது தினமும் ராத்திரி பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். என் போட்டோவைப் பார்த்திருக்கிறார், இடுப்புக்கு மேலே எடுத்ததை. காலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நேரில் பார்க்கலாமா என்று இப்போது கேட்கிறார்.

என் மாதிரி ஆளுக்குப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதிகப்படியா? அவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது? இங்கே அனுபவப்பட்டவர்கள் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

மஞ்சள்மண்டி

நடந்து காட்டச் சொன்னார்களா! கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் மாட்டைத்தான் அப்படி நடத்திப் பார்ப்பார்கள். அங்கேகூட மாட்டுக்குப் பல்லைப் பார்த்த கையோடு தடவிக் கொடுப்பார்கள்.

நீங்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லைங்க. அந்த ஆளும் உங்களைப் பிடித்து வந்தாரா என்ன? வேறு யாரும் கிடைக்கவில்லை, வந்தார்.

அருள்நெறி

சகோதரி, உங்களைப் போன்றவர்கள் கடவுளின் செல்லப் பிள்ளைகள். காதல், கல்யாணம் என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் சேலத்து மாரியப்பனைப் பாருங்கள். மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம்.

சைடுவீல்

ஐயா, மாரியப்பன் தங்கவேலு எங்கள் பக்கத்துக்காரர்தான், பெரியவடகம்பட்டி. 2016இல் ரியோவில் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அவர் உயரம் தாண்டியதற்காக நாங்கள் எல்லாம் ஆசையைத் தாண்ட வேண்டும் என்பது என்ன கணக்கு? இந்த அம்மணி கேட்டது ஒரு ஆளைப் பற்றி. நீங்கள் பதக்கத்தைக் காட்டுகிறீர்கள்.

செல்லப் பிள்ளைகளுக்கும் வயதுக்கு வந்தால் உடம்பில் எல்லாம் நடக்குங்க.

தோட்டத்துக்காரன்

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு 38. தாராபுரம் பக்கம். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை ஜாதகம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெண் வீட்டில் சிலர் வாசல் வரை வந்து, தோட்டத்துக்குள் வீடு என்று தெரிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். படித்த பெண்ணுக்குக் கோயமுத்தூரில் ஃபிளாட் இருக்கிற மாப்பிள்ளை வேண்டும். அது அவர்கள் விருப்பம். வேண்டாம் என்கிற சொல்லை நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த நாற்பத்து மூன்று வயதுக்காரரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் நடுவில் உட்கார வைத்தால் எங்களுக்குப் பேச்சு வராது. பஜ்ஜியைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? தனியாக ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வாய்க்கால்கரை

பேசியிருக்கலாம் என்பது நியாயம்தானுங்க. அவர் கேட்டிருந்தால் பேசியிருப்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் பார்த்த ஜாதகத்தில் ஊனமுள்ள பெண் எத்தனை பேர்? இல்லையென்றால் ஏன் இல்லை?

தோட்டத்துக்காரன்

ஒன்று வந்தது. காது கேட்காத பெண், போட்டோவில் லட்சணமாக இருந்தார். எனக்குச் சரி என்றுதான் இருந்தது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் காது கேட்க வேண்டுமே என்றார். எங்கள் வீட்டில் மருமகள் என்றால் பாதி சம்பளமில்லாத ஆள்தானுங்க. மறைக்க என்ன இருக்கிறது? எட்டு மாடு, நாற்பது ஆடு. பெண் வீட்டார் வண்டியைத் திருப்புவதும் அதனால்தான்.

கூடுதுறை

பெண் கிடைக்காத கதையை இந்தப் பக்கத்தில் பேசும்போது, கிடைக்காமல் போனது எப்படி என்பதையும் பேசிவிட வேண்டும். பெண் குழந்தை பிறந்தால் வேண்டாம் என்று இருந்த ஊர்கள் நம்முடையவை. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் முதலில் சேலத்தில் தொடங்க வேண்டி வந்தது சும்மா இல்லை. இப்போது பாலக்காடு தாண்டிப் போய்ப் பெண் கேட்கிறோம். அதுவும் அமையாதபோது ஊனமுள்ள பெண்ணின் ஞாபகம் வருகிறது. "சிறு ஊனம் தடையில்லை, மறுமணம் தடையில்லை" என்று விளம்பரத்தில் ஒரே மூச்சில் போடுகிறோமே, அந்தப் பட்டியலில் தன் பேர் கடைசியில் இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா?

ஓவர்லாக்

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். நான் ஊனமில்லாதவள், என் வீட்டுக்காரருக்கு இடது காலில் போலியோ. இரண்டு கக்கத்துக் கட்டை வைத்து நடப்பார். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங், அவர் ஓவர்லாக் டெய்லர். வலது காலிலேயே பெடலை மிதித்து நாள் முழுக்க ஓட்டுவார்.

கல்யாணம் என்று தெரிந்ததும் கம்பெனியில் எல்லாரும் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "உனக்கு நல்ல மனசு." சூப்பர்வைசர் சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார், என் அம்மாயி கண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார். இதைவிட அவரைக் கேவலப்படுத்த முடியாது. என்னிடம் நல்ல மனசு ஒன்றும் இல்லைங்க. கட்டை ஊன்றி ஊன்றி அவருக்குத் தோளும் புஜமும் அப்படி இறுகியிருக்கும். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மெஷினில் குனிந்திருப்பார். நான் பீஸ் எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போவேன். முதலில் பிடித்தது அதுதான். மனசு, குணம் எல்லாம் பேசிப் பழகிய பிறகு வந்தது.

இரண்டு வீட்டுச் சனமும் வேறு. என் வீட்டில் பெரிய ரகளை. அவர் வீட்டில் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள். பெருந்தன்மை என்று நினைத்தேன். "நம்ம பையனுக்கு நம்ம சனத்துல யாரு குடுப்பா, வர்றது வரட்டும்" என்று மாமியார் சொன்னதைப் பின்னால் கேள்விப்பட்டேன். கால் நன்றாக இருந்திருந்தால் என்னை வாசலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஊனம் இருந்தால் சாதிக் கட்டுப்பாடு சில வீட்டில் தளரும், ஆனால் அது மரியாதையால் தளருவது இல்லை.

அரசாங்கத்தில் திருமண உதவி உண்டு. 25,000 ரூபாய், பட்டம் படித்திருந்தால் 50,000, தாலிக்கு எட்டு கிராம் தங்கக் காசு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இப்போதைய விவரத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கினோம். அந்த ஒரு பவுனுக்காகத்தான் நான் கட்டிக்கொண்டேன் என்று சொன்ன ஒறம்பரையும் உண்டு. நல்ல மனசு, இல்லையென்றால் பணத்தாசை. தோளுக்காக என்று ஒருத்தர்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

டாக்பேக்

ஓவர்லாக் அக்காவுக்கு ஒரு கும்பிடு.

எனக்குப் பிறந்ததிலிருந்து பார்வை இல்லை. கோவையில் வங்கி வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அரசு வேலைக்கு 4 சதவீத இட ஒதுக்கீடு வந்தது, அதில் பார்வையில்லாதவர்களுக்கும் குறைந்த பார்வைக்காரர்களுக்கும் 1. வேலை கிடைக்கும் வரை எனக்கு ஒரு வரனும் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த உடனே நான் அழகாகிவிட்டேன். புரோக்கர்கள் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். இரண்டு இடத்தில் பெண்ணிடம் பேச வேண்டும் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு என்னங்க பார்த்துப் பேச வேண்டியிருக்கு?" என்றார்கள்.

அழகு உனக்கு எப்படித் தெரியும் என்று எல்லாரும் கேட்கிற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். குரல் தெரியும். வாசம் தெரியும். சாலையைக் கடக்கும்போது என் கையை இழுத்துக்கொண்டு போகிறாரா, தன் முழங்கையைக் கொடுத்துவிட்டுக் கூட நடக்கிறாரா என்பது தெரியும். மூக்கால் பேசுகிற ஒரு பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். குருடனுக்கு இவ்வளவு திமிரா என்றார்கள். ஆமாங்க, இருக்கிறது.

டேட்டிங் செயலிகளும் போட்டுப் பார்த்தேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற டாக்பேக் ஓடுகிற போனில் இடம் வலம் தள்ளினால் அடுத்த பொத்தானுக்குத்தான் போகும். அந்தச் செயலிகளிலோ தள்ளுவதுதான் வேலையே. பெயர் வைக்காத பொத்தான் என்றால், "பொத்தான், பொத்தான்" என்று வாசிக்கும். போட்டோவில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெண் பார்க்க வேண்டும், அவன் ரசனைக்குத்தான் தேர்வு நடக்கும். மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து இன்க்ளோவ் என்று ஒரு செயலி 2016இல் வந்தது. சில வருடத்திலேயே மூடிவிட்டார்கள். தமிழ்க்காரர்களுக்கு என்று 'அன்பே' என்கிற செயலி வந்தது, அதில் எனக்கு இரண்டு நல்ல சிநேகிதிகள் கிடைத்தார்கள். காதல் இன்னும் கிடைக்கவில்லை.

சொல்வதா மறைப்பதா என்றால், நான் முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் வருகிறவரிடம் வயிற்றைக் கலக்காமல் பேசலாம்.

சென்னிமலைக்காத்து

டாக்பேக் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் வரியில் போட்டால் நம்மை ஒரு கால், ஒரு காது என்று மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். ஆளைப் பழகட்டும், அப்புறம் சொல்லலாம். யாராவது தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று முதல் வரியில் எழுதுகிறார்களா?

எனக்குக் காது கேட்காது. மறைக்க நினைத்தாலும் முடியாது, போன் பேசலாமா என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். வீடியோவில் சைகையில்தான் பேசுவேன். கேட்கிற பையன் ஒருவன் ஆறு மாதம் சைகை கற்றுக்கொண்டான், விரல் எல்லாம் தடுமாறும், பார்க்க அழகாக இருக்கும். அவன் வீட்டில் குழந்தையும் செவிடாகப் பிறக்கும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். காது கேட்காத தம்பதிக்கே பெரும்பாலும் கேட்கிற குழந்தைதான் பிறக்கிறது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைகளில் நிறையப் பேருக்குச் சொந்தத்தில் கட்டிய அப்பா அம்மா. மாமன் மகளைக் கட்டும்போது இந்தப் பயம் யாருக்கும் வருவதில்லை.

இப்போது எனக்கு நிச்சயமாகியிருக்கிறது, அவருக்கும் காது கேட்காது. எங்களுக்குள் சண்டை வந்தால் லைட்டை அணைத்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தென்னந்தோப்பு

லைட்டை அணைக்கிற யோசனை நன்றாக இருக்கிறது!

ஆனைமலைக்காரன். தேங்காய் போட ஏறி மரத்திலிருந்து விழுந்தவன், தண்டுவடத்தில் டி12 என்கிற இடத்தில் அடி. வீல்சேர்.

வாய்க்கால்கரை அம்மணி, நேரில் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், எப்போது என்றால் அடுத்த தடவை பேசும்போது. நேரில் போய் நின்று காட்டினால் அந்த ஆளுக்கு முகத்தை ஒழுங்குபடுத்தக்கூட நேரம் இருக்காது. அதிர்ச்சியில் வருகிற முகபாவத்தை வைத்து நாம் ஆளை எடைபோட்டுவிடுவோம், அது இரண்டு பேருக்கும் நல்லதில்லை. போனில் சொன்னால் அவர் யோசிக்கலாம், கூகுளில் தேடலாம், அடுத்த நாள் முட்டாள்தனமாக நாலு கேள்வி கேட்கலாம்.

சொல்லும்போது மன்னிப்புக் கேட்கிற குரலில் மட்டும் சொல்லாதீர்கள். "உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்" என்று தொடங்கினால் கொலைக் குற்றம் மாதிரி ஆகிவிடும். சாதாரணமாக, "எனக்குச் சின்ன வயசுல போலியோ. இடது காலுக்குக் காலிப்பர் போட்டு நடப்பேன். ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நாம் நிரப்ப வேண்டியதில்லை. "பரவாயில்லை, நான் பெருசா எடுத்துக்க மாட்டேன்" என்று தியாகி வேஷம் போடுகிறவரைவிட, "மழையில வழுக்குமா?" என்று கேட்கிறவர் தேறுவார் என்பது என் அனுபவம்.

நான் ஒருத்தரோடு பழகுகிறேன். சிறுநீர்ப் பையைப் பற்றிச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது, கால் நடக்காததைச் சொன்னது இல்லை. அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது, எல்லார் மனதிலும் இருப்பது, யாரும் கேட்காதது. எனக்கு வைத்தியம் பார்த்த இடத்தில் படுக்கைப்புண்ணைப் பற்றி மணிக்கணக்கில் சொன்னார்கள். அந்த விஷயத்தைக் கேட்டதற்கு, "உயிரோட இருக்கறதே பெருசு தம்பி" என்றார்கள். இங்கே இயன்முறைக்காரர்கள் யாராவது இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

நொய்யல்

இயன்முறை மருத்துவம்தான் என் தொழில். வெளிப்படையாகவே எழுதுகிறேன், சங்கடப்படுகிறவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள்.

முதலில் போலியோ. அந்தக் கிருமி தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் தாக்கும். தொடு உணர்வு அப்படியே இருக்கும். ஆசை, இன்பம், கருத்தரிப்பு எதையும் அது தொடாது, பிள்ளைக்கும் போகாது. இடுப்பெலும்பு சாய்ந்திருந்தால் கர்ப்பத்தின்போது மருத்துவரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும், அவ்வளவுதான். 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ இல்லை, அதனால் இப்போது என்னிடம் வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் பைக் விபத்தும் மரத்திலிருந்து விழுந்தவர்களும்தான்.

தண்டுவடக் காயத்தில் ஆளுக்கு ஆள் மாறும். தண்டுவடத்தை மேலிருந்து கீழாக எண் போட்டுச் சொல்வோம்: டி என்றால் நெஞ்சுப் பகுதி, எல் இடுப்புப் பகுதி, எஸ் அதற்கும் கீழே. ஆண்களுக்கு, மனதில் நினைத்து வரும் எழுச்சிக்கான வழி டி11 முதல் எல்2 வரை. தொட்டால் வருவது எஸ்2 முதல் எஸ்4 வரை. எது எந்த அளவுக்கு அறுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று போய் இன்னொன்று இருக்கலாம். சில்டெனாஃபில் மாத்திரை பலருக்கு உதவுகிறது. ஆனால் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் தொடவே கூடாது. விந்து வெளியேறுவது கஷ்டம் என்றாலும் அதை எடுக்க வழிமுறைகள் உண்டு, தண்டுவடக் காயத்துக்குப் பிறகு அப்பா ஆனவர்கள் நிறையப் பேர். பெண்களுக்கு அடிபட்டதும் மாதவிடாய் சில மாதம் நின்று திரும்ப வரும். வந்த பிறகு மற்றவர்களைப் போலவே கருத்தரிக்கலாம். ஆகவே குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடையும் வேண்டும், இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

உறவுக்கு முன்னதாகச் சிறுநீரை வடித்துவிடுங்கள். உணர்வில்லாத இடத்தில் தோல் உரசினால் தெரியாது, முடிந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். காயம் டி6 அல்லது அதற்கு மேலே என்றால் ஒரு எச்சரிக்கை: நடுவில் மண்டை பிளக்கிற தலைவலி, முகமெல்லாம் வியர்வை என்று வந்தால் ரத்த அழுத்தம் திடீரென ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணர்வு இருக்கும் இடமும் இல்லாத இடமும் சேருகிற எல்லையில் பலருக்குத் தொடுதல் ரொம்பக் கூர்மையாக இருக்கும். கழுத்து, காது மடல் எல்லாம் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

தென்னந்தோப்பு

டாக்டர், நீங்கள் எங்கே இருந்தீர்கள் இத்தனை வருடமாக!

பவானிசாகர்

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், பெண்களுக்கு. இணையத்தில் நம் ஊனத்தையே தேடி வருகிற ஆண்கள் உண்டு. எனக்கு ஒரு கை முழங்கையோடு சரி. ஒருவன் நன்றாகப் பேசினான், கவிதை எல்லாம் எழுதினான். கொஞ்ச நாள் போனதும் அந்தக் கையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு என்றான். முகத்தைக் கேட்கவே இல்லை. எல்லாரும் அருவருப்பாகப் பார்க்கிற இடத்தை ஒருவன் ஆசையாகப் பார்க்கிறானே என்று முதலில் சந்தோஷமாகக்கூட இருக்கும். அந்தக் கை இருக்கிற ஆள் யார் என்பதில் அவனுக்கு அக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்லாக் அக்காவுக்குத் தோள் பிடித்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

போட்டோ அனுப்பாதீர்கள். முதல் சந்திப்பு பொது இடத்தில், சொந்த வண்டியில் போய்ச் சொந்த வண்டியில் வாருங்கள்.

இரண்டுபிள்ளைத்தாய்

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. என் பெண்ணுக்கு 22, அறிவுத்திறன் குறைபாடு கொஞ்சம் உண்டு. தையல் பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, அவன் வந்தால்தான் சாப்பிடுகிறாள். என் நாத்தனார், "வம்பு எதுக்கு, கர்ப்பப்பையை எடுத்துடு" என்கிறார். எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை.

கூடுதுறை

எடுக்காதீங்க அக்கா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 10ஆம் பிரிவில் இருக்கிறது: அவருடைய சுயமான, விவரம் புரிந்த சம்மதம் இல்லாமல் பிள்ளைப்பேறு இல்லாமல் ஆக்குகிற எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது. 2009இலேயே உச்ச நீதிமன்றம், லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் விருப்பத்தை மீறிக் கருவைக் கலைக்க முடியாது என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தால் யாரும் அவளைத் தொட மாட்டார்கள் என்பது இல்லை, தொட்டது வெளியே தெரியாது, அவ்வளவுதான். நாத்தனார் அதை யோசித்தாரா?

எது நல்ல தொடுதல், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, குழந்தை எப்படி வருகிறது என்பதைப் படம் போட்டுப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். புரியும். அந்தப் பையனின் அம்மாவோடும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள்.

வாய்க்கால்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். தென்னந்தோப்பு அண்ணன் எழுதிய வார்த்தையை அப்படியே சொன்னேன், சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "கொடிவேரிக்குப் போகலாம்னு நெனச்சிருந்தேன். அங்க பாறையெல்லாம் ஈரமா இருக்குமே, கட்டை நிக்குமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இங்கே எழுதியிருந்தது ஞாபகம் வந்து. அவர் இதைப் படிக்கிறாரோ என்றுகூடச் சந்தேகம்!

அப்புறம் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கொஞ்சம் வருத்தம் இருந்தது குரலில். நானும் விளக்கம் கொடுக்கவில்லை. இன்றைக்குக் காலையில் வழக்கம்போல ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறார், விடை தப்பு.

நேரில் பார்க்கலாம் என்று முடிவு. அவருக்குப் பிடிக்குமா என்று யோசித்து யோசித்து, எனக்குப் பிடிக்குமா என்பதையே மறந்துவிடுவேன் போலிருக்கிறது. போட்டோவில் மீசை கொஞ்சம் அதிகம்.

ஈரோட்டில் பார்க்கலாம் என்று பேச்சு. அவர் கரூரிலிருந்து ரயிலில் வருவார், நான் என் வண்டியில். படி இல்லாத இடம், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற இடம் யாருக்காவது தெரியுமா? காலிப்பரோடு குந்த முடியாது.

மஞ்சள்மண்டி

வ.உ.சி. பூங்காவில் உட்கார்ந்து பேசலாம், நிழல் இருக்கும். ஆனால் டாய்லெட்டை நம்பிப் போக வேண்டாம். பெருந்துறை ரோட்டில் தரையோடு ஏசி ஹால் வைத்திருக்கிற ஓட்டல்களாகப் பாருங்கள். போகிறதுக்கு முன்னால் போன் போட்டு, வாசலில் எத்தனை படி, கழிவறை மாடியிலா கீழேயா என்று கேட்டுவிடுங்கள். "ரேம்ப் இருக்கா" என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அதில் தண்ணீர் கேனை அடுக்கி வைத்திருப்பார்கள்.

சைடுவீல்

மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள் அம்மணி. சாப்பாட்டுக் கூட்டம் போயிருக்கும், எழுந்திரு என்று யாரும் முறைக்க மாட்டார்கள். வண்டியை வாசலுக்கு நேராக விடச் சொல்லி வாட்ச்மேனிடம் கேளுங்கள், சைடு வீல் வண்டிக்கு இரண்டு பைக் இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.

தோட்டத்துக்காரன்

மீசையை எடுக்கச் சொல்லிவிடாதீங்க. பாவம் அந்த மனுசன்.